மாத்ருபூதம் வீட்டு மதிலில் லீட் கிட்டார்

சத்தியம், சத்தியம், சத்தியம். மூன்று தரமும் உரக்கவே சொல்லிவிட்டேன், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லின் மேல் ஆணை, தேய்ந்துபோன இரண்டு முட்டியின் மேல் ஆணை, பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட் சைக்கிள் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் நான் கிழித்துக் கொடுத்த டோக்கன் அத்தனையின் மேலும் ஆணை, இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தெரியும், பொன்மலையில் அதற்கென்று எனக்கு ஒரு பெயரே உண்டு. அதனால்தான் இவ்வளவு சத்தியம் செய்யவேண்டியிருக்கிறது. பொய்யாக இருந்தால் பேசாமல் ஆரம்பித்திருப்பேன்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி அமாவாசை அன்று, ரயில்வே பட்டறையின் மத்தியானச் சங்கு ஊதி ஓய்ந்ததும், தையல்நாயகி அம்மாள் காலமான தன் வீட்டுக்காரர் மாத்ருபூதத்துக்காக ஒரு துண்டு வாழையிலையில் சோறும் பருப்பும் ஓர் உளுந்து வடையும் வைத்து, இலையைப் பின்பக்க மதிலின் மேல் வைத்துத் தண்ணீர் சுற்றிவிட்டு, எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி கா கா என்று கூப்பிட, ஒரு காகம் வந்து உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து அந்த அம்மாளை ஒரு பார்வை பார்த்து, வடையை ஒரே ஒரு கொத்துக் கொத்திவிட்டு, வாயைத் திறந்து எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தது. பாடியது என்று எழுதினால் தப்பாகிவிடும். வாசித்ததுதான். காகத்தின் தொண்டைக்கும் அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயருக்கும் உள்ள உறவு எங்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் பிடிபட்டது. இரண்டிலும் ஒரே கரகரப்பு, இரண்டிலும் ஒரே இழுப்பு.

அந்த அம்மாள் ஓடவில்லை, கத்தவில்லை. நாலு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, உள்ளே போய் இன்னொரு வடை எடுத்துவந்து வைத்தாள். அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு வேப்பமரத்தில் வேறொரு காகம் பேஸ் கிட்டார் பிடித்துக்கொண்டிருந்தது. என் சைக்கிள் ஸ்டாண்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஆறேழு காகங்கள் மூக்கால் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே பாட்டு, ஒரே தாளம். ஒன்று நிறுத்தினால் எல்லாம் நிறுத்தும், ஒன்று தொடங்கினால் எல்லாம் தொடங்கும். அன்றிலிருந்து அமாவாசை என்று இல்லாமல் தினமும் மத்தியானம், யார் மதிலில் சோறு வைத்தாலும் இதுதான்.

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டோம். அது 'காஷன் ஆர்டர்' வாசித்த பாட்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தண்டவாளம் பலமில்லாத இடத்தில் மெதுவாகப் போ என்று எஞ்சின் டிரைவருக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டுக்குப் பெயர் காஷன் ஆர்டர். எழுபத்தொன்றிலிருந்து எழுபத்திநாலு வரைக்கும் பொன்மலையில் அந்தப் பெயரில் ஒரு ராக் பேண்டு இருந்தது. அதில் நாலு பேர். பாடுகிறவன் ட்ரெவர், எஞ்சின் டிரைவர் மகன், ஆங்கிலோ இந்தியன். டிரம்ஸ் அப்துல் வகாப், பேஸ் குப்புராஜ். லீட் கிட்டார் இன்னாசிமுத்து, பட்டறையில் ரயில்பெட்டிச் சக்கரங்களைப் பார்க்கிற போகி பிரிவில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்த இருபத்தொரு வயதுப் பையன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இன்ஸ்டிட்யூட் ஹாலில் வாசிப்பார்கள். சொந்தப் பாட்டு மட்டும்தான் வாசிப்பார்கள், அடுத்தவன் பாட்டை வாசிப்பது அடுத்தவன் சட்டையைப் போடுகிற மாதிரி என்று இன்னாசி சொல்வான். மெட்ராஸில், பெங்களூரில், பம்பாயில் பேர் வாங்கிய பேண்டுகள் எல்லாவற்றையும் விட இவர்கள் நன்றாக வாசித்தார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். நிரூபிக்க ஒரு ரெக்கார்டு கிடையாது, ஒரு டேப் கிடையாது. இருந்த ஒரே போட்டோவில் ட்ரெவரின் பெல்பாட்டம் மட்டும்தான் முழுசாக விழுந்திருந்தது. ஹாலின் வெண்டிலேட்டர்களில் வரிசையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த காகங்களைத் தவிர வேறு யாரும் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் காகங்கள் குஞ்சுகளுக்குச் சொல்லிக் கொடுத்து, அந்தக் குஞ்சுகள் தங்கள் குஞ்சுகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். நாற்பத்தைந்து வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை, ஏன் அந்த ஆடியில் திறந்தன என்பது அவர்கள் குடும்ப விஷயம். நான் கேட்கவில்லை.

ஆனால் இளசுகளுக்கு, நடுவயசுக்காரர்களுக்கு, காஷன் ஆர்டர் என்றால் என்ன தெரியும்? சோற்றுக்கு வருகிற காகம் முன்னோர்தான் என்பது மட்டும் தெரியும். அதனால் பொன்மலையில் யாரும் செய்யக்கூடிய தப்பைத்தான் அவர்களும் செய்தார்கள். எங்கள் மதிலில் காகம் கிட்டார் வாசிக்கிறதே, அப்படியானால் எங்கள் அப்பா கிட்டார் வாசித்திருக்கிறார், நமக்குத் தெரியாமல் போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். இரும்பு அடித்து, கரியில் புரண்டு, சாயங்காலம் வந்து சோப்புப் போட்டுக் குளித்து, ஒரு வார்த்தை பேசாமல் செத்துப்போன அப்பன்மார்கள் எல்லாம் திடீரென்று கலைஞர்களாகிவிட்டார்கள். பெட்டியைக் குடைந்தார்கள், பழைய சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்கள், கிட்டார் கம்பி ஏதாவது கிடைக்குமா என்று. பேஸ் காகம் வந்த வீட்டில் முதலில் ஒன்றும் புரியவில்லை, என்ன வாசிக்கிறது, வாசிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு மூத்த மகன், எங்கப்பாவும் அப்படித்தாங்க, இருக்கறப்ப இருக்கறதே தெரியாது, இல்லாதப்பத்தான் வீடு ஒரு பக்கமாச் சாயும் என்றான், எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. வெறும் கா மட்டும் சொல்கிற காகம் வந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சநாள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு, உங்க மதில்ல என்னங்க வருது, லீடா டிரம்ஸா என்று கேட்கிற காலமும் வந்தது.

பஞ்சாபகேச வாத்தியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் பஞ்சாங்கத்தை எடுத்தார், வைத்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சாஸ்திரத்துல காக்கா வரணும்னுதான் போட்டிருக்கு, எந்த ஸ்ருதியில வரணும்னு போடலை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாதா கோயிலில் பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார், கேட்பதில் பாவமில்லை, கேட்டுக்கொண்டே பூசைக்குத் தாமதமாக வருவதுதான் பாவம் என்று. டிரம்ஸ் காகங்களில் நாலு, வகாப் மகள் வீட்டுக் கூரைக்குத் தாமாகவே இடம் மாறிக்கொண்டன. எங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் இல்லை, ஆனா வந்தவங்களை விரட்டவா முடியும் என்று அந்தப் பெண் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் வைத்தாள். ட்ரெவரின் குரலுக்குத்தான் காகம் அமையவில்லை. பள்ளிக்கூடத்து மரத்தில் ஒரு குயில் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அதனால் எல்லாப் பாட்டும் சொல் இல்லாமலேயே ஓடின, என்ன பாட்டு, யாரைப் பற்றிய பாட்டு என்று புதிதாகக் கேட்பவர்களுக்குத் தெரியாது.

மூன்று மாசத்தில் எல்லாம் பழகிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காகத்துக்கென்று தனி வடை வந்தது, உப்பில்லாதது. தயிர்சோறு வைத்தால் மெதுவான பாட்டு, புளிசோறு வைத்தால் வேகமான பாட்டு என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். இன்னிக்கு உங்க மாமனார் நடுவுல ரெண்டு அடி விட்டுட்டாரே, பருப்பு வேகலையோ என்று மதிலுக்கு மதில் பேச்சு நடந்தது. கிட்டார் கேட்டுக்கொண்டே குழந்தைகள் தூங்கின, பெரியவர்கள் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

தையல்நாயகி அம்மாளுக்கு மட்டும் பழகவில்லை. அந்த லீட் கிட்டார் காகம், அசல் காகம், மற்றதெல்லாம் பின்பாட்டு வாசிக்க இது மட்டும் முன்னால் வந்து வாசிக்கிற காகம், அவள் மதிலுக்குத்தான் வரும். வேறு யார் என்ன வைத்தாலும் போகாது. அதனால் காஷன் ஆர்டரின் லீட் கிட்டார் மாத்ருபூதம்தான் என்று ஊர் முடிவு கட்டியது. அவள் அதைக் கேட்டு முதலில் அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் வெளிறிய புடவைகளைக் கட்டுவதை விட்டுவிட்டு, பெட்டியிலிருந்த மாம்பழ மஞ்சள் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு மத்தியானம் மதிலுக்குப் போக ஆரம்பித்தாள். சனிக்கிழமை சாயங்காலமானால் மனுஷன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம், எங்கே என்று கேட்டால் பதில் வராதாம், இத்தனை வருஷம் அவள் என்னென்னமோ நினைத்து வயிறு எரிந்திருக்கிறாள். இப்போது தெரிந்துவிட்டதல்லவா.

அவர் சைக்கிளுக்கு டோக்கன் கிழித்தவன் நான். அவர் எங்கே போனார் என்பது எனக்குத் தெரியும். இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் வந்தார், ஆனால் ஹாலுக்குள் அல்ல, பக்கத்து வாசகசாலைக்கு. பட்டறை வாசலில் யார் எத்தனை மணிக்கு உள்ளே போனான் என்று குறித்து வைக்கிற டைம்கீப்பர் உத்தியோகம் அவருக்கு. சனிக்கிழமையானால் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஒரே பேப்பரை மூன்று மணிநேரம் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுபத்திநாலில் ஒருநாள், இந்தச் சத்தத்தை நிறுத்தவேண்டும் என்று நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை வாசிப்பை நிறுத்திவிட்டு அந்த ஹாலில் கேரம் போட்டி வைத்தார்கள். பின்னாலேயே ரயில்வே வேலைநிறுத்தமும் வந்தது. ட்ரெவர் குடும்பம் கப்பலேறிவிட்டது, வகாப் ஹூப்ளிக்கு மாற்றலானான், குப்புராஜுக்கு மஞ்சள்காமாலை. பேண்டு முடிந்தது. ஆக, காஷன் ஆர்டரை மூடியது யார் என்று கேட்டால், மதிலில் படையல் வாங்கிக்கொண்டிருக்கிற அந்த மாத்ருபூதம்தான்.

இது தெரிந்த இரண்டே ஆள், நானும் இன்னாசியும். மற்றக் கிழங்களுக்குப் பாட்டு ஞாபகமிருந்தது, லீட் கிட்டாரோடு நின்ற பையனின் முகம் ஞாபகமில்லை.

ஆமாம், நாலு பேரில் இன்னாசி மட்டும் உயிரோடு இருந்தான், மேலக்கல்கண்டார்கோட்டையில், பெண்டாட்டி ரெஜினாவோடு. முதல் நாள் காகம் வாசித்தபோது அவன் டீக்கடையில் நின்றிருந்தான், கையிலிருந்த கண்ணாடி டம்ளரின் மேல் அவனுடைய இடது கை விரல்கள் தாமாக நகர்ந்ததை நான் பார்த்தேன். டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆனபிறகு ஒருதரம், நான் லீட் கிட்டார் வாசித்தவன் என்று போகி பிரிவில் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அதற்காக ஆறு மாசம், கிட்டாரு, அந்த ஸ்பேனரை எடு, கிட்டாரு, இந்தப் போல்ட்டை இறுக்கு என்று ஓட்டியிருந்தார்கள். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

தை மாசம் பெங்களூரிலிருந்து மிருதுளா என்ற பெண் வந்தாள். மறந்துபோன பேண்டுகளைத் தேடியெடுத்து ரெக்கார்டாகப் போடுகிற ஒரு சின்னக் கம்பெனி அவளுடையது. பழைய பேப்பர் கடை ஒன்றில், காஷன் ஆர்டர், சனி மாலை ஆறு மணி என்று அச்சிட்ட ஒரு நோட்டீஸைக் கண்டெடுத்து, மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாளாம். காகம் வாசிக்கிறது என்று நாங்கள் சொன்னதும், எந்த மைக் சரியாக வரும் என்று யோசித்தாளே தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாலு மதிலில் நாலு மைக் வைத்து ஒரு வாரம் பிடித்தாள். பிறகு ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் பெயர்களைக் கேட்டாள், பாட்டுக்குப் பெயர் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு பிடிவாதம்.

"பாட்டு சுமாரா பதிவாகியிருந்தாக்கூடப் பரவாயில்ல சார். யார் வாசிச்சாங்கன்னு பேரு தப்பாப் போகக்கூடாது. தப்பான பேரோட நான் ஒரு ரெக்கார்டும் போட்டதில்ல."

ஊர் எழுந்து நின்று ஒரே குரலில் மாத்ருபூதம் என்றது. அவள் எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் வண்டிக்கு அவளுக்கு டிக்கெட், போனதும் அட்டை அச்சுக்குப் போகும்.

வியாழக்கிழமை காலையில் நான் இன்னாசி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"உனக்கு நெஞ்சு எரியலையாடா?"

"எரியுது," என்றான். "அம்பது வருஷமா எரியுது. காரம் ஆகலைன்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன்."

பிறகு மளமளவென்று பேசினான். நான் எதையும் கேட்டதில்லை, பேண்டு போனபோது அழவில்லை, ஸ்பேனர் பிடித்து முப்பத்தேழு வருஷம் ஓட்டிவிட்டேன், ஆனால் சாகிறதுக்குள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், இது நீ வாசித்ததா என்று கேட்டால் போதும் என்று இருந்தேன், இப்போது கேட்க ஒருத்தி வந்திருக்கிறாள், அவள் காதில் வேறு பெயர் விழுந்திருக்கிறது என்றான். காரியத்தில் கெட்டிக்காரன், வழியும் அவனே யோசித்து வைத்திருந்தான். காகம் முதல் நாள் வாசித்த அந்தப் பாட்டில் நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி வடை தின்னும். அந்த இடைவெளியில், மேற்கொண்டு காகம் வாசிக்கப்போவதை அவன் முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிடுவான். வாசித்தவனைத் தவிர வேறு யாருக்கு அது கைவரும்? கோயில் பாடகர் குழுவின் கிட்டாரை இரவல் வாங்கி, அவள் வந்த நாளிலிருந்து கொல்லையில் பழகிக்கொண்டிருக்கிறான். உள்ளே ரெஜினா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை, ஆனால் கீரையை விட்டுவிட்டுத் தண்டைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அந்தப் பாட்டின் பெயர் ரெஜினா. எழுபத்திமூன்றில் அவளுக்காகக் கட்டிய பாட்டு. ஆறு மாசமாக ஊரெல்லாம் மதிலுக்கு மதில் அந்தப் பாட்டு ஓட, அவள் யாரிடமும் சொல்லாமல் தானாகச் சிரித்துக்கொண்டு தண்ணீர்க்குடம் தூக்கினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தையல்நாயகி அம்மாளின் கொல்லையில் நாங்கள் நாலு பேர். மிருதுளா மெஷினைத் தட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இன்னாசி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கிட்டார். பேண்டில் இருந்த பழைய ஆள் ஒருத்தர் பார்க்க வருகிறார் என்று மட்டும்தான் நான் அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தேன். மஞ்சள் புடவையில் வந்தாள், காப்பி கொடுத்தாள், சர்க்கரை போதுமா என்று கேட்டாள். சங்கு ஊதியது. இலை வைத்தாள், கூப்பிட்டாள், காகம் வந்தது.

வாசித்தது பாருங்கள், ஐயா, அந்த ஒரு வாரத்தில் மைக்குக்கு முன்னால் வாசித்ததெல்லாம் ஒத்திகை மாதிரி ஆகிவிட்டது. இன்னாசியின் விரல்கள் கம்பியின் மேல் சத்தமில்லாமல் கூடவே ஓடிக்கொண்டிருந்தன. அந்த இடம் வந்தது, காகம் நிறுத்தியது, வடையின் பக்கம் குனிந்தது. இன்னாசி கையைத் தூக்கினான்.

அப்போது அந்த அம்மாள், காகத்தைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"முப்பத்தெட்டு வருஷம்ணே. சோறு, தண்ணி, சங்கு ஊதிருச்சு. இந்த மூணுதான் எங்கிட்ட அவரு பேசுன பேச்சு. நான் என்ன தப்புப் பண்ணேன்னு தெனம் யோசிப்பேன். சமையல் புடிக்கலையா, என்னையே புடிக்கலையான்னு. இப்பத்தான் விளங்குது. பேச்சையெல்லாம் கையில வெச்சிருந்திருக்காரு."

அவள் திரும்பி இன்னாசியைப் பார்த்தாள்.

"நீங்க கூட இருந்தவரு. அங்கயாவது என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரான்னு சொல்லுங்கண்ணே."

தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. மிருதுளாவின் மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காகம் வடையைத் தின்றுவிட்டு, உன் முறைதான், வாசி என்கிற மாதிரி அவனைப் பார்த்துக் காத்திருந்தது. அதுவரை அது யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

இன்னாசி கையை இறக்கினான். இறக்கி, கம்பிகளின் மேல் ஒரு அறை வைத்தான். பாத்திரக்கடையில் பூனை புகுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இதெல்லாம் எனக்கு வராதும்மா," என்றான். "நான் ஒயர் சுத்தறவன், ஆம்ப்ளிஃபயர் தூக்கறவன். வாசிச்சதெல்லாம் அவருதான்."

காகம் அவனை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம், விட்ட இடத்திலிருந்து தானே வாசித்து முடித்தது.

மிருதுளா பேனாவை எடுத்தாள். இந்தப் பாட்டுக்கு மட்டும் யாருக்கும் பெயர் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியுமா சார் என்று கேட்டாள். இன்னாசி அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தையல்நாயகி."

 அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், காகத்தின் இலையில் இன்னொரு வடையை வைத்தாள், என்னமோ போங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. 

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். பஞ்சு அடைத்தவனுக்குப் பேரைக் கொடுத்தாயே, மனு எழுதினவனுக்குப் பாட்டைக் கொடுத்தாயே, நீ மனுஷனா மடையனா என்று கேட்டேன். இன்னாசி கிட்டாரைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"அந்த மனுவுல என்ன எழுதியிருந்தான்னு உனக்குத் தெரியாது. செக்ரட்டரி எனக்குப் படிச்சுக் காட்டினாரு. மொத மூணு பக்கமும் டிரம்ஸைத் திட்டி. கடைசிப் பக்கத்துல, லீட் கிட்டார் வாசிக்கிற பையன் வாசிக்கிறது பஞ்சையும் மீறி நெஞ்சைப் பிசையுது, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியலைன்னு எழுதியிருந்தான். எனக்கு வந்த ஒரே விமர்சனம் அதுதான்டா."

இரண்டு தெரு தாண்டி அவன் நின்றான். அவன் முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது. பேரை விடு, அது என்னுடையது, கொடுத்துவிட்டேன். பாட்டு ரெஜினாவுடையதல்லவா, அவளைக் கேட்காமல் கொடுத்துவிட்டேனே, இப்போது வீட்டுக்கு எப்படிப் போவது என்றான். என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன், பொய்தான் சொல்வேன். ரயில் சீக்கிரம் கிளம்பிவிட்டது, அந்தப் பெண்ணைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லச் சொன்னேன். அவனும் அப்படியே சொல்லியிருக்கிறான். ரெஜினா சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, சோற்றைப் போட்டிருக்கிறாள். அதற்கப்புறம் எட்டு மாசம் அவன் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. தபால்காரன் மணி அடித்தால் எழுந்து ஓடுவான்.

அப்படியும் பெங்களூரிலிருந்து பார்சல் வந்த அன்று அவன் குளித்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ரெஜினாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள், கத்தரியை எடுத்து ஓரம் கிழியாமல் வெட்டினாள், உள்ளேயிருந்து பெரிய சதுர அட்டை ஒன்று வந்தது, அதில் மதில்மேல் ஒரு காகத்தின் படம். ஈரத் துண்டோடு இன்னாசி வந்து நின்றபோது அவள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். குரல் ட்ரெவர், அந்தக் குரலுக்குக் காகம் அமையாததால் பதிவில்லை. டிரம்ஸ் அப்துல் வகாப். பேஸ் குப்புராஜ். லீட் கிட்டார் காலஞ்சென்ற மாத்ருபூதம். ஒயர், ஆம்ப்ளிஃபயர், இன்னாசிமுத்து. அங்கே கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு முதல் பாட்டின் பெயருக்கு விரலைக் கொண்டுபோனாள். தை, யல், நா, ய, கி.

விரலை எடுக்கவில்லை. இன்னாசி துண்டைப் பிடித்தபடி நின்றான், தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான், முப்பத்தெட்டு வருஷம் மூன்று வார்த்தையோடு குடித்தனம் நடத்தினவள் கேட்ட கேள்வியைச் சொன்னான், அவள் கட்டியிருந்த மஞ்சள் புடவையைக்கூடச் சொன்னான். சொல்லி முடித்து, உன்னுடையதைத்தான் எடுத்துக் கொடுத்துவிட்டேன், என்ன திட்டவேண்டுமோ திட்டு என்றான்.

ரெஜினா அட்டையைத் திருப்பி, மடியில் வைத்து, மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தாள்.

"அந்தம்மாவுக்குக் காக்கா மட்டும்தானே இருக்கு," என்றாள். "எனக்கு ஆளே இருக்கே. போங்க, தலையைத் துவட்டுங்க. சளி பிடிச்சிட்டா யாரு பாக்கறது."

அவ்வளவுதான் நடந்தது. அந்த ரெக்கார்டை இப்போது எங்கெங்கோ கேட்கிறார்களாம், ஜப்பானில் ஒரு பையன் அந்தச் சோலோவைப் பழகிக்கொண்டு தையல்நாயகி, தையல்நாயகி என்று மேடையில் சொல்கிறானாம், மாத்ருபூதம் யார், ஏன் இப்படி ஒரு மேதையை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நீள நீளமாகக் கட்டுரை எழுதுகிறார்களாம். எழுதட்டும். தையல்நாயகி அம்மாள் ஒரு பிரதியைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாள், போட்டுக் கேட்க அவள் வீட்டில் மெஷின் கிடையாது. எழுபத்திரண்டு வயதில் நன்றாக நடமாடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சந்தைக்கு வருகிறாள், காய் சுற்றிவருகிற பேப்பரைக்கூடப் பிரித்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அதனால்தான் கேட்கிறேன். இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று உங்களுக்கு நாக்கு அரித்தால், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரன் சொன்னான், முகம் ஞாபகமில்லை என்று சொல்லுங்கள். என் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது. நீங்கள் பொன்மலைக்கு வரவே இல்லை, நான் உங்களைப் பார்க்கவே இல்லை.